ஹைட்ரேஞ்சியா முரண்டு பிடிக்கிறதா? அறிகுறியை வைத்துக் காரணம் பிடிக்கும் வழி

ஹைட்ரேஞ்சியா செடிக்கு நேரும் கெடுதலில் முக்கால்வாசி, அதன்மேல் பாசமாக இருப்பவர்கள் செய்வதுதான். இலை வாடினால் தண்ணீர், பூக்கவில்லை என்றால் உரம், குச்சியாக நின்றால் கத்தரிக்கோல் என்று கை தானாகப் போய்விடுகிறது. மூன்றுமே சில நேரம் சரிதான். எந்த நேரம் என்பதைத்தான் இலையையும் குச்சியையும் மண்ணையும் பார்த்து முடிவு செய்ய வேண்டும். கீழே இருப்பதை வரிசையாகப் படிக்க வேண்டிய அவசியம் இல்லை, உங்கள் செடியில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். முதல் பகுதியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள், அது தெரியாமல் பூ, கவாத்து சம்பந்தப்பட்ட எந்தக் கேள்விக்கும் பதில் கிடைக்காது.

நான் மனதில் வைத்து எழுதுவது இரண்டு முதல் நான்கு அடி உயரத்துக்குள் அடங்கிவிடும் குட்டை ரகங்களை. பெரிய ரகங்களுக்கும் இதே கணக்குதான். ஆனால் குட்டை ரகத்துக்கு ஒரு வசதி உண்டு: இடத்தை அடைக்கிறது என்பதற்காக அதை வெட்டவே வேண்டியதில்லை, அதனாலேயே பாதிப் பிரச்சினை வராது.

முதலில், உங்களிடம் இருப்பது எந்த இனம்?

தோட்டங்களில் அதிகம் காணப்படுபவை நான்கு. இலை உள்ளங்கை அளவுக்கு அகலமாக, தடிப்பாக, பளபளப்பாக, ஓரத்தில் ரம்பப் பல்லோடு இருந்தால் அது மேக்ரோஃபில்லா, ஜப்பானைச் சேர்ந்தது. நீலம், ரோஸ் நிறங்களில் உருண்டையாகப் பூப்பது பெரும்பாலும் இதுதான். 'பியா' என்ற ரகம் இதில் குட்டை. பூக்கொத்து கூம்பாக, வெள்ளையிலோ இளம்பச்சையிலோ வந்து, இலை சற்றுச் சொரசொரப்பாக, சில கணுக்களில் மூன்று மூன்றாகவும் இருந்தால் பானிகுலேட்டா. 'போபோ', 'லிட்டில் லைம்' இரண்டும் இந்தக் கூட்டம். இலை மெல்லியதாக, பளபளப்பில்லாமல், இதய வடிவில், பூ வெள்ளை உருண்டையாக இருந்தால் ஆர்போரசென்ஸ். இலை ஆழமாகப் பிளந்து மடல் மடலாக இருந்து, முதிர்ந்த தண்டில் பட்டை உரிந்துகொண்டே இருந்தால் குவெர்சிஃபோலியா, 'பீ வீ' அதில் சின்ன ரகம். செரட்டா என்று ஐந்தாவது ஒன்றும் உண்டு, அதை மேக்ரோஃபில்லாவின் மெலிந்த தங்கை என்று வைத்துக்கொண்டால் போதும், வைத்தியம் ஒன்றே.

இதை ஏன் இவ்வளவு பார்க்கச் சொல்கிறேன் என்றால், மேக்ரோஃபில்லா, செரட்டா, குவெர்சிஃபோலியா மூன்றும் போன வருடக் குச்சியில் பூக்கும். அடுத்த வருடப் பூவுக்கான மொட்டு, இந்த வருடக் கோடையின் கடைசியிலும் இலையுதிர்காலத்திலுமே குச்சி நுனியில் உருவாகிவிடும். பானிகுலேட்டாவும் ஆர்போரசென்ஸும் அப்படி இல்லை, வசந்தத்தில் புதிதாகக் கிளம்பும் தளிரில் மொட்டு கட்டி அதே வருடம் பூக்கும். மேக்ரோஃபில்லாவிலேயே பழைய குச்சி, புதுக் குச்சி இரண்டிலும் பூக்கும் ரகங்கள் வந்துவிட்டன. 2004-இல் 'எண்ட்லெஸ் சம்மர்' என்ற பெயரில் சந்தைக்கு வந்தது அதில் பிரபலமானது. அவற்றுக்கும் முதல் ஈடு பூ பழைய குச்சியில்தான் என்பதால், வெட்டும் விஷயத்தில் பழைய குச்சிக்காரராகவே நடத்துங்கள்.

இலை முழுக்கக் கொட்டிக் குச்சியாக நிற்கிறது, செத்துவிட்டதா?

இலையுதிர்காலத்துக்குப் பிறகு இப்படி நின்றால் ஒன்றும் ஆகவில்லை, இது இலையுதிர்க்கும் செடி. உதிர்வதற்கு முன் இலை மஞ்சளாகி, தொட்டால் விழும் நிலைக்கு வரும், காம்பு விட்ட இடத்தில் சுத்தமான ஒரு தழும்பு இருக்கும், அதற்கு மேலேயே எதிரெதிராக இரண்டு மொட்டுகள். அவ்வளவுதான், தூக்கிப் போடாதீர்கள். தூங்கும் செடிக்கு உரம் வேண்டாம், தண்ணீரும் மண் முழுக்கக் காயாமல் இருக்கும் அளவுக்கு மட்டும்.

வளரும் பருவத்தில், அதுவும் இலை பழுப்பாகிக் குச்சியிலேயே தொங்கிக்கொண்டிருந்தால் அது வேறு. கட்டைவிரல் நகத்தால் நுனியிலிருந்து கொஞ்சம் கீழே பட்டையை லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சையாக, ஈரமாக இருந்தால் அந்த இடத்தில் உயிர் இருக்கிறது. பழுப்பாகக் காய்ந்திருந்தால் இன்னும் நான்கு விரல் கீழே போய்ச் சுரண்டுங்கள். நுனி போய்விட்டிருந்தாலும் அடிக் கணுக்கள் உயிரோடு இருப்பது சகஜம். அடிவரைக்கும் பச்சையே இல்லை என்றாலும் உடனே பிடுங்க வேண்டாம், வேரிலிருந்து புதுத் தண்டு கிளம்ப வசந்தம் முழுக்க நேரம் கொடுங்கள்.

வசந்தத்தில் மேக்ரோஃபில்லாவின் குச்சிகள் வெளிறி, வைக்கோல் நிறத்தில், செத்தவை மாதிரியே தெரியும். அதில் எந்தக் கணுவிலாவது மொட்டு உப்புகிறதா என்று தெரிந்த பிறகுதான் கத்தரிக்கோலை எடுக்க வேண்டும். உயிருள்ள கடைசி ஜோடி மொட்டுக்கு ஒரு விரற்கடை மேலே வெட்டினால் போதும்.

இலை செழிப்பாக இருக்கிறது, பூ மட்டும் வரவில்லை

அதிகம் பேர் புலம்புவது இதைத்தான். காரணங்களை, எது அதிகம் நடக்கிறதோ அந்த வரிசையில் சொல்கிறேன்.

வெட்டியதுதான் முதல் சந்தேகம். மேக்ரோஃபில்லாவை இலையுதிர்காலத்திலோ குளிர்காலத்திலோ வசந்தத் தொடக்கத்திலோ ஒழுங்குபடுத்துகிறேன் என்று அரைவாசிக்கு வெட்டினால், வெட்டி எறிந்தது அந்த வருடத்தின் பூக்கள் அத்தனையையும்தான். செடி கோபித்துக்கொள்ளாது, இன்னும் அடர்த்தியாக இலை விடும், அதைப் பார்த்துச் செடி நன்றாகத்தானே இருக்கிறது என்று அடுத்த வருடமும் வெட்டுவார்கள். இப்படியே பல வருடம் பூக்காமல் நிற்கும் செடிகள் உண்டு. இதற்கு வைத்தியம் ஒரு வருடம் கையைக் கட்டிக்கொண்டு இருப்பது. காய்ந்த பூத்தலையை எடுக்க ஆசையாக இருந்தால், பூ மங்கியவுடனே, பூவுக்குக் கீழே வரும் முதல் பெரிய இலை ஜோடிக்கு மேலே வெட்டிவிடுங்கள், கோடை பாதியைத் தாண்டிய பிறகு அதுவும் வேண்டாம். உறைபனி விழும் இடங்களில் காய்ந்த தலையைக் குளிர்காலம் முழுக்க அப்படியே விட்டுவைப்பது நல்லதுதான், கீழே இருக்கும் மொட்டுக்குக் கொஞ்சம் மறைப்பாக இருக்கும்.

இரண்டாவது, பனி. குச்சியின் நுனியில் இருக்கும் மொட்டைக் கவனித்தால் தெரியும்: பூமொட்டு தடித்து, குண்டாக இருக்கும், இலைமொட்டு ஒல்லியாகக் கூர்மையாக இருக்கும். வசந்தத்தில் அந்தக் குண்டு மொட்டைக் கிள்ளிப் பார்த்து உள்ளே கருத்திருந்தால் பனி தின்றுவிட்டது. நடுக்குளிர்காலப் பனியைவிட, மொட்டு உப்பித் தளிர் விட்ட பிறகு திடீரென்று ஒரு இரவு விழும் பனிதான் அதிகம் கெடுக்கும். அந்த மாதிரி இரவுக்கு முன் ஒரு போர்வையோ சாக்கோ செடிமேல் படாதவாறு குச்சி நட்டுப் போர்த்திவிட்டு, காலையில் எடுத்துவிடுங்கள். கடுங்குளிர் இடமென்றால் செடியைச் சுற்றிக் கம்பி வலை வளையம் போட்டு, உள்ளே காய்ந்த இலைச் சருகை நிரப்பிவைப்பார்கள். குட்டை ரகத்துக்கு இது சுலபம். இதெல்லாம் அலுப்பு என்றால் பானிகுலேட்டா வளர்ப்பதுதான் புத்திசாலித்தனம், பனி மேல்பகுதியைக் கொண்டுபோனாலும் அது பூத்துவிடும்.

மூன்றாவது இதற்கு நேர் எதிர்: குளிரே போதவில்லை. பூவோடு தொட்டியில் வாங்கிய மேக்ரோஃபில்லா, குளிர்காலமே இல்லாத இடத்தில் அதற்குப் பிறகு இலையாகவே நிற்பதற்குக் காரணம் இதுதான். வியாபாரத்துக்காக வளர்ப்பவர்கள் அதைச் சுமார் 18 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஆறு வாரம் போல வைத்து மொட்டு கட்ட வைக்கிறார்கள், அப்புறம் 5 டிகிரியை ஒட்டிய குளிர் அறையில் இன்னும் ஆறு வாரம் தூங்க வைத்து, பிறகு வெதுவெதுப்பில் எழுப்பிப் பூக்க வைக்கிறார்கள். கடைக்கு வருவது அந்தப் பூ. இரவிலும் 20 டிகிரிக்கு மேலேயே நிற்கும் இடத்தில் எத்தனை உரம் போட்டாலும் அந்த வேலை நடக்காது. அங்கே அதைப் பூ உள்ளவரை ரசித்துவிட்டு விடும் செடியாக எடுத்துக்கொள்வதே நிம்மதி. கடைக்காரர் வருடா வருடம் பூக்கும் என்று சொன்னால், குளிரான இடத்தில் பூக்கும் என்று சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான்காவது, தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகம். புல்தரைக்குப் போடும் உரம் பக்கத்தில் கசிந்தாலும் போதும், இலை கரும்பச்சையாகப் பெருக்கும், பூ வராது. அந்த உரத்தை நிறுத்திவிட்டு, வசந்தத்தில் ஒரு முறை மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ போடுவதோடு விடுங்கள். இங்கே ஒரு எச்சரிக்கை, பூக்க வைக்கும் என்று மணிச்சத்தை (பாஸ்பரஸ்) அள்ளிக் கொட்டும் பழக்கமும் உண்டு. நீலப்பூ வேண்டும் என்பவர்களுக்கு அது எதிரி, ஏன் என்று நிறம் பற்றிய பகுதியில் வருகிறது.

கடைசியாக வெயில். நிழல் விரும்பும் செடி என்று பெயர் வாங்கிவிட்டதால் அடர்ந்த மரத்தடியில் கொண்டுபோய் நட்டுவிடுகிறார்கள். காலை வெயில் நான்கு மணி நேரமாவது வேண்டும், மதியத்துக்கு மேல் நிழல் வந்தால் போதும். பானிகுலேட்டா முழு வெயிலையே தாங்கும், நிழலில்தான் அது மெலியும்.

மதியம் ஆனால் துவண்டு தொங்குகிறது

இது நோயே இல்லாமலும் இருக்கலாம். அவ்வளவு பெரிய இலை வெயிலில் விடும் ஈரத்துக்கு வேர் ஈடுகொடுக்க முடியாதபோது செடி இலையைத் தொங்கவிட்டுக்கொள்ளும், சாயங்காலம் நிமிர்ந்துவிடும். எனவே மதியம் பார்த்து முடிவு எடுக்காதீர்கள். காலையில் பாருங்கள். காலையிலும் தொங்கினால்தான் பிரச்சினை. அப்போது விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்தால் இரண்டில் ஒன்று தெரியும்.

மண் காய்ந்திருந்தால் தாகம். நன்றாக ஊறும்படி அடியில் ஊற்றுங்கள். தினமும் மேலாகத் தெளிப்பதைவிட, வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வேர் போகும் ஆழம்வரை நனைப்பது நல்லது. மேலே இரண்டு மூன்று அங்குலத்துக்கு மூடாக்கு (மண்ணை மூடும் சருகு, வைக்கோல் மாதிரி) போட்டால் பாதித் தண்ணீர்க் கவலை குறையும், தண்டை ஒட்டி மட்டும் போடாமல் கொஞ்சம் இடம் விடுங்கள்.

புதிதாக நட்ட செடியில் ஒரு குழப்பம் வரும். சுற்றியுள்ள மண் ஈரமாக இருக்கும், செடி மட்டும் தாகத்தில் வாடும். நர்சரியில் அது வளர்ந்தது கரிமக் கலவையில், பெரும்பாலும் பீட் பாசி சேர்த்தது. அது ஒரு முறை எலும்பாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை உள்ளே விடாது, ஊற்றினால் பக்கவாட்டில் வழிந்து வெளி மண்ணுக்குப் போய்விடும். மண்ணை லேசாக விலக்கி, தண்டின் அடியில் அந்த வேர்ப்பந்தையே தொட்டுப் பாருங்கள். லேசாக, பொடிப்பொடியாக, வெளிறிய நிறத்தில் இருந்தால் அதுதான் விஷயம். குழாயை மிக மெதுவாகத் திறந்து, தண்டை ஒட்டி, ஒரு மணி நேரம் சொட்டவிடுங்கள். தொட்டிச் செடியென்றால் தொட்டியோடு ஒரு வாளித் தண்ணீரில் இறக்கி, குமிழி வருவது நிற்கும்வரை வைத்து எடுத்து வடியவிடுங்கள். நடுவதற்கு முன்பே இதைச் செய்துவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை.

மண் ஈரமாக, ஏன் சேறாகவே இருந்தும் காலையில் வாடியிருந்தால், அடுத்த வாளித் தண்ணீர்தான் அதைக் கொல்லும். இது வேரழுகல். தொட்டியிலிருந்து செடியை உருவி வேரைப் பாருங்கள். நல்ல வேர் வெளிறி, விறைப்பாக இருக்கும். அழுகிய வேரை இரண்டு விரலில் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறை கழல்வதுபோல வழுக்கிக்கொண்டு வந்துவிடும், உள்ளே ஒரு நூல் மட்டும் மிஞ்சும், நாற்றமும் அடிக்கும். பாதிக்கு மேல் அப்படி என்றால் காப்பாற்றுவது கஷ்டம். குறைவாக இருந்தால் அழுகியதை வெட்டி நீக்கி, வடிகால் உள்ள புதுக் கலவையில், வேருக்கு அளவான தொட்டியில் வைத்து, நிழலில் விட்டுவிடுங்கள். பெரிய தொட்டியில் வைத்தால் சீக்கிரம் தேறும் என்று நினைக்காதீர்கள், வேர் எட்டாத மண் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் அழுக வைக்கும்.

இலை மஞ்சளாகிறது

எந்த இலை முதலில் மஞ்சளானது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மேலே இருக்கும் இளந்தளிர் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக வலை வலையாகத் தெரிந்தால் இரும்புச்சத்து எட்டவில்லை. மண்ணில் இரும்பு இல்லை என்று அர்த்தமில்லை, மண் காரமாக இருப்பதால் வேரால் அதை எடுக்க முடியவில்லை. சிமெண்ட்டுச் சுவர், நடைபாதை ஓரமாக நட்ட செடிகளில் இதை அடிக்கடி பார்க்கலாம், சுண்ணாம்பு மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும். கடினத் தண்ணீரையே ஊற்றிவந்தாலும் இதே கதிதான், முடிந்தால் மழைத்தண்ணீர் பிடித்து ஊற்றுங்கள். அவசரத்துக்குச் செலேட் வடிவ இரும்பு, அதாவது மண்ணில் பூட்டிக்கொள்ளாமல் வேருக்குக் கிடைக்கும்படி கட்டப்பட்ட இரும்பு, வாங்கலாம். பாக்கெட்டில் ஈடிடிஏ என்று போட்டிருந்தால் மண்ணின் பிஹெச் (அமில-கார அளவு, 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 6.5-ஐத் தாண்டும்போது அதன் பலன் குறைந்துவிடும், ஈடிடிஹெச்ஏ என்று போட்டிருப்பதுதான் காரமான மண்ணில் நிற்கும். நிரந்தரத் தீர்வு மண்ணை மெல்ல அமிலமாக்குவது. கந்தகத் தூள் போட்டால் மண்ணில் உள்ள பாக்டீரியாக்கள் அதை அமிலமாக மாற்றும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும், பலன் தெரியவில்லையே என்று மறுபடி மறுபடி கொட்டாதீர்கள்.

அடி இலைகள் நரம்போடு சேர்ந்து ஒரே மாதிரி வெளிறி மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. செடி பழைய இலையிலிருந்து சத்தை உருவிப் புதுத் தளிருக்குக் கொடுக்கிறது. மேலும் கீழுமாக ஒழுங்கில்லாமல் மஞ்சளாகி, மண்ணும் சொதசொதவென்று இருந்தால் மேலே சொன்ன வேர்ப் பிரச்சினைக்குப் போங்கள்.

நீலமாக வாங்கினேன், ரோஸாகப் பூக்கிறது

செடியை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டாம், மண் செய்த வேலை இது. மேக்ரோஃபில்லாவிலும் செரட்டாவிலும் நீலத்துக்கும் ரோஸுக்கும் நிறமி ஒன்றேதான், டெல்ஃபினிடின் வகை. அதோடு அலுமினியம் போய்ச் சேர்ந்தால் நீலம், சேராவிட்டால் ரோஸ். அலுமினியம் மண்ணில் எங்கும் இருக்கிறது. ஆனால் பிஹெச் 5 முதல் 5.5 வரை உள்ள அமில மண்ணில்தான் அது கரைந்து வேருக்குக் கிடைக்கும். 6.5-ஐத் தொட்டுவிட்டால் பூட்டிக்கொள்ளும். நடுவில் இருந்தால் ஊதா, சில நேரம் ஒரே செடியில் ஒரு பக்கம் நீலம், சுவர்ப் பக்கம் ரோஸ் என்றும் வரும், அந்தச் சுவர்க் கதையை மேலேயே சொல்லிவிட்டேன்.

நீலம் வேண்டும் என்றால் முதலில் பிஹெச் பார்த்துக்கொள்ளுங்கள், சோதனைத் தாளோ சின்னக் கருவியோ போதும். அப்புறம் வசந்தத்தில் தளிர் விடும்போது, 4 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி அலுமினியம் சல்பேட் கரைத்து வேரைச் சுற்றி ஊற்றுங்கள், அதற்கு முன்பே வெறும் தண்ணீர் விட்டு மண் நனைந்திருக்க வேண்டும். மூன்று நான்கு வாரம் கழித்து இன்னொரு முறை. அதற்கு மேல் போனால் வேர் கருகும், இலை ஓரம் காயும். படிகாரத்திலும் அலுமினியம் உண்டு, எடைக்கு எடை கொஞ்சம் குறைவு, அதையும் இதே போல அளவோடு பயன்படுத்தலாம். நட்டு ஒரு வருடமாவது ஆன செடிக்கு மட்டும் செய்யுங்கள்.

மணிச்சத்து எதிரி என்று சொன்னேன் அல்லவா? மணிச்சத்து அலுமினியத்தைப் பிடித்துக் கரையாத உப்பாக்கிவிடும். எலும்புத் தூளும் சூப்பர் பாஸ்பேட்டும் போட்டுக்கொண்டே நீலம் வரவில்லை என்றால் எப்படி வரும்? மணிச்சத்து குறைந்து, சாம்பல் சத்து (பொட்டாசியம்) கூடிய உரம்தான் நீலத்துக்குப் பொருந்தும். ரோஸ்தான் வேண்டும் என்பவர்கள் இதையெல்லாம் தலைகீழாகச் செய்யலாம், கொஞ்சம் சுண்ணாம்பு, கொஞ்சம் மணிச்சத்து. அதிலும் பிஹெச் 6.5-ஐத் தாண்டவிட்டால் இரும்புப் பிரச்சினை வந்து இலை மஞ்சளாகும்.

துருப்பிடித்த ஆணியைப் புதைப்பது ஒரு பழைய வைத்தியம். அதிலிருந்து வருவது இரும்பு, நீலத்துக்கு வேண்டியது அலுமினியம், எனவே ஆணியை வேறு எதற்காவது பயன்படுத்துங்கள். காபித்தூள் சக்கை மண்ணுக்கு நல்ல மக்குப் பொருள், பிஹெச்சைக் குறைக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம், பயன்படுத்திய சக்கையில் அமிலம் பெரிதாக மிஞ்சுவதில்லை.

இன்னும் இரண்டு. விரிந்துவிட்ட பூ நிறம் மாறாது, நீங்கள் இப்போது செய்வது அடுத்த ஈட்டில்தான் தெரியும், முழுதாக மாற அடுத்த வருடம்கூட ஆகலாம். வெள்ளை ரகத்தில் அந்த நிறமி இல்லாததால் அதை எதுவும் நீலமாக்காது. மண்ணோடு மல்லுக்கட்ட முடியாத இடத்தில் நீலம் ஒன்றே வேண்டும் என்றால், தொட்டியில் அமிலக் கலவை போட்டு வளர்ப்பதுதான் எளிது.

பூ பச்சையாகிவிட்டது, பூவின் நடுவில் மொட்டு விரியவே இல்லை

முதலாவது வயது. நாம் இதழ் என்று பார்ப்பது அல்லிதழ் இல்லை, புல்லிதழ், அதனால்தான் வாரக்கணக்கில் உதிராமல் நிற்கிறது, முதிரும்போது பச்சையோ மங்கிய சிவப்போ ஏறுகிறது. வெள்ளைப் பானிகுலேட்டா இரவு குளிர ஆரம்பித்ததும் ரோஸாவதும் இதே வகைதான். ஆனால் புதிதாக விரியும் பூவே பச்சையாக, குட்டி இலைகள் முளைத்தது மாதிரி உருக்குலைந்து, வருடா வருடம் அப்படியே வந்தால் அது ஃபைட்டோபிளாஸ்மா என்ற, பாக்டீரியா வகை நுண்ணுயிரின் தொற்றாக இருக்கலாம், மருந்து கிடையாது, மற்ற செடிக்குப் பரவும் முன் எடுத்து அப்புறப்படுத்துங்கள்.

இரண்டாவது, நோயே இல்லை. தட்டையான கொத்து, ஓரத்தில் மட்டும் பெரிய பூ, நடுவில் மணி மணியாக இருந்தால் அது லேஸ்கேப் வகை. அந்த மணிகள்தான் மகரந்தமும் சூலகமும் உள்ள உண்மையான பூக்கள், உற்றுப் பார்த்தால் நீண்ட மகரந்தக் கம்பிகள் தெரியும், தேனீ போவதும் அங்கேதான். உருண்டைப் பூ வேண்டும் என்றால் வேறு ரகம்தான் வாங்க வேண்டும்.

இலை ஓரம் கருகிக் காய்கிறது

வெயில் படும் பக்கம் மட்டும் என்றால் வெயில்தான், அதிலும் சூட்டை வாங்கித் திருப்பி அடிக்கும் சுவர் பக்கத்தில் இருந்தால் கேட்கவே வேண்டாம். காய்ந்த காற்றும் இதையே செய்யும். இலையுதிர்ந்த பிறகு, செடி தூங்கும்போது இடம் மாற்றுங்கள், பூக்கும் பருவத்தில் தோண்டாதீர்கள். எல்லாப் பக்கமும், அதுவும் அடி இலையில் அதிகமாகக் கருகி, தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தால் உரம் சேர்ந்துவிட்டது. தொட்டியின் அடித்துளை வழியாக நிறைய வெளியேறும்படி இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீர் விட்டு அலசிவிட்டு, ஒரு மாதம் உரப் பையைக் கண்ணில் படாமல் வையுங்கள்.

இலையில் புள்ளி, சாம்பல் பூச்சு

அடி இலைகளில் தொடங்கி, நடுவில் சாம்பலும் சுற்றி ஊதா வளையமுமாக வட்டப் புள்ளிகள் வந்தால் செர்க்கோஸ்போரா என்ற பூஞ்சை. பருவக் கடைசியில் வரும், பார்க்க அசிங்கமாக இருக்குமே தவிர செடியைக் கொல்லாது. இதற்கு மருந்தடித்துப் பணம் செலவழிப்பது எனக்குச் சம்மதமில்லை. தண்ணீரை இலைமேல் படாமல் அடியில் ஊற்றுவது, உதிர்ந்த இலையைக் கூட்டி அள்ளிவிடுவது, இரண்டும் அடுத்த வருடத் தொற்றைக் குறைத்துவிடும். புள்ளி நரம்புக்கு நரம்பு கட்டம் கட்டமாக, நீர் கோத்த மாதிரி இருந்தால் பாக்டீரியா, அங்கேயும் இதே சுத்தம்தான், கூடவே ஈர இலையைக் கையால் அளையாமல் இருப்பது.

மாவு தூவியது போல வெள்ளைப் பூச்சு என்றால் சாம்பல் நோய். காற்றோட்டம் இல்லாத இடம், வெதுவெதுப்பான பகல், குளிர்ந்த ஈர இரவு அதற்குப் பிடிக்கும். உள்ளே நெருக்கமாக இருக்கும் பழைய தண்டுகளில் ஒன்றிரண்டை அடியோடு எடுத்துக் காற்று போக வழி செய்யுங்கள். ஆரம்பத்திலேயே நனையும் கந்தகம் தெளிக்கலாம், ஆனால் 32 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கும் நாளில் தெளித்தால் கந்தகமே இலையைப் பொசுக்கிவிடும். மழைக்காலத்தில் பூவே பழுப்பாகிச் சாம்பல் நிறப் பூசணம் பிடித்தால் அந்தத் தலையை வெட்டி எறிவதைத் தவிர வேறு வைத்தியம் தேவையில்லை.

பூச்சிகள்

தளிர் சுருண்டு பிசுபிசுவென்றால் அசுவினி, தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி இரண்டு நாளுக்கு ஒரு முறை கழுவிவிட்டாலே அடங்கிவிடும். இலை முழுக்க ஊசிக் குத்தாக வெளிறி, அடியில் மெல்லிய நூலாம்படை இருந்தால் சிலந்திப்பேன். வெள்ளைத் தாளை அடியில் பிடித்து இலையைத் தட்டினால் விழும் தூசி நடக்க ஆரம்பிக்கும். காய்ந்த சூட்டில் பெருகும் ஜாதி அது, ஆகவே இலை அடிப்புறத்தைக் காலையில் கழுவுவதும் மண் ஈரத்தைக் காப்பதும் முதல் வேலை. வேப்ப எண்ணெய் தெளிப்பதானால் சாயங்காலம் தெளியுங்கள். இலையின் அடியிலும் குச்சியிலும் வெள்ளைப் பஞ்சு முட்டை முட்டையாக ஒட்டியிருந்து, கீழ் இலைகளில் கரும்பூசணம் படர்ந்தால் அது செதில் பூச்சி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை சோப்புத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து எடுங்கள், குட்டைச் செடியில் அரை மணி நேர வேலை.

நுனியில் இரண்டு இலை ஒட்டிக்கொண்டு பை மாதிரி உப்பி நின்றால் உள்ளே ஒரு புழு தங்கியிருக்கிறது. பிரித்துப் பார்த்து நசுக்கிவிட்டால் முடிந்தது, மருந்து தெளித்தால் அந்தப் பைக்குள் போகவே போகாது. ஒரு இரவில் ஓட்டை ஓட்டையாகி, இலைமேல் வெள்ளிக் கோடு தெரிந்தால் நத்தைதான், டார்ச் எடுத்துக்கொண்டு இருட்டிய பிறகு பொறுக்குங்கள். நாய், பூனை, சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் இன்னொன்று: இலையிலும் மொட்டிலும் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது, கடித்துத் தின்றால் வாந்தி, பேதி வரும், வெட்டிய தழையைக் கீழே போட்டுவைக்காதீர்கள்.

பூத்ததும் தண்டு தாங்காமல் சாய்கிறது

குட்டை ரகங்களில் இது அபூர்வம், வந்தால் ஆர்போரசென்ஸில்தான். மழைநீரைக் குடித்த பூத்தலை கனத்துத் தரையைத் தொடும். வருடா வருடம் தரைமட்டத்துக்கு ஒட்ட வெட்டினால் வரும் தண்டெல்லாம் புதுசு, மெல்லிசு, அதனால் முதலில் அந்தப் பழக்கத்தை விடுங்கள். ஒன்றரை அடி உயரத்தில் வெட்டிவிட்டால் அடியில் தடித்த பழைய தண்டுகள் தாங்குகால் மாதிரி நிற்கும், புதுத் தளிர் அதன்மேல் கிளம்பும். தழைச்சத்தைக் குறையுங்கள், கொஞ்சம் கூடுதல் வெயில் கொடுங்கள். இந்த வருடத்துக்கு மட்டும் வழி வேண்டும் என்றால், பூ விரியும் முன்பே அரை வட்டக் கம்பி ஒன்றை நட்டுவிடுங்கள், சாய்ந்த பிறகு கட்டினால் தண்டு கணுவில் மடங்கிவிடும். மழை ஓய்ந்தவுடன் பூத்தலையைப் பிடித்து லேசாக உதறி நீரை வடித்துவிட்டால், பாதித் தண்டுகள் தாமாகவே நிமிர்ந்துவிடும்.